வேலியை ஆட்டியவள்

என் மருமகள் கிதாம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒலிவ மரத்தில் எது இலை, எது காய் என்பதுதான் அவளுக்குத் தெரியும். நாப்லுஸ் நகரத்தில் நாலாவது மாடி வீட்டில் வளர்ந்தவள். அப்பா துணிக்கடைக்காரர். தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் ஓணானைப் பார்த்து வண்டிமேல் ஏறி நின்றுகொள்வாள். என் மகன் முஹன்னத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நானும் சிரித்தேன்.

இன்றைக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போது குரல் உயர்ந்தால் உயரட்டும். இதை மெதுவான குரலில் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் துல்கரம் பக்கம். ராணுவம் வேலி போட்டபோது வீடு இந்தப் பக்கம் நின்றது, மரங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. என் மாமனார் நட்ட மரங்கள். அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். என் கணவர் இருந்தவரை அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவர் மண்ணுக்குள் போனபிறகு முஹன்னத் கேட்டான். பாதுகாப்புக் காரணம் என்று மறுத்தார்கள். என்ன காரணம் என்று கேட்டால் அதுவும் பாதுகாப்புக் காரணத்துக்காகச் சொல்ல மாட்டார்களாம். நான் கேட்டேன். எனக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். நான் அந்த மரத்தடியில் பிரசவ வலி எடுத்து, அங்கிருந்து கழுதைமேல் வீட்டுக்கு வந்து முஹன்னத்தைப் பெற்றவள். சம்பந்தம் இல்லையாம்.

வீட்டில் மிச்சம் இருந்தது கிதாம் பெயர் ஒன்றுதான். போனால் போகிறது என்று அதையும் போட்டோம். வந்துவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஓணானுக்குப் பயந்தவள் கையில் சீட்டு. எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் உழாமல் கிடந்தால் தரிசு என்று எழுதி நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவள்தான் போக வேண்டும்.

போனாள். தனியாக இல்லை, பக்கத்து வீட்டு விதவை ஸப்ஹாவுக்கும் அந்தப் பக்கம் நிலம் உண்டு, அவளும் அவள் கழுதையும் துணை. முஹன்னத் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, வேலிக்கு அப்பால் சிறு புள்ளியாகத் தெரியும் பெண்டாட்டிக்கு ஃபோனில் விவசாயம் சொல்லிக்கொடுத்தான். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசுவான். எனக்கு எல்லாம் கேட்கும்.

"கிளையப் பிடிச்சுக் கீழ இழு. முறிச்சுடாத."

"எந்தக் கிளை?"

"உனக்கு முன்னால இருக்கிறது."

"முன்னால நாலு இருக்குங்க."

"வயசானதாப் பாத்துப் பிடி."

"எல்லாம் உங்கம்மா வயசுலதான் இருக்கு."

"ஏய், அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களையும் கேளுங்க, எதை வெட்டணும்னு."

முதல் வருஷம் அவள் கவாத்து செய்த மரங்களைப் பார்த்தால் மொட்டைத் தலைக்குச் சீப்புப் போட்டதுபோல் இருந்தது என்று ஸப்ஹா ஊரெல்லாம் சொன்னாள். மூன்றாவது வருஷம் அதே ஸப்ஹா தன் மரங்களைக் கவாத்து செய்ய அவளைக் கூப்பிட்டாள். கிதாமின் உள்ளங்கை காய்த்துப்போனது. நாப்லுஸ் போனால் அவள் அம்மா அந்தக் கையைத் தடவித் தடவி அழுவாள். இவள், "விடும்மா, இனிமே சூடான ரொட்டியத் துணியில்லாம எடுப்பேன்" என்பாள்.

பிறகு என் பேத்தி லமார் பிறந்தாள். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தவள். ஒரு கையில் அடங்குவாள். பால் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும், இந்தக் குழந்தை உடம்பில் நீர் வற்றினால் தாங்காது என்று துல்கரம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புட்டிப்பாலை அவள் வாயில் வைக்கவே விடவில்லை. துப்பிவிடுவாள். கரண்டியால் ஊட்டினால் முழுவதும் என் மடியில்தான்.

அறுவடைக்காலம் வந்தது. காய் காத்திருக்காது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேலிக்கதவு காலையில், நடுப்பகலில், மாலையில் என்று மூன்று தடவை திறக்கும், கொஞ்ச நேரம். காலையில் கிதாம் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். நடுப்பகல் கதவுக்கு நான் லமாரைத் தூக்கிக்கொண்டு போவேன். அவள் வெளியே வந்து, பாதையோரத்துப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, கதவு மூடுவதற்குள் மறுபடி உள்ளே ஓடுவாள். சீட்டைப் பார்க்கும் சிப்பாய் ஒவ்வொரு நாளும் கேட்பான், "இப்பத்தான வெளியே வந்தே, மறுபடி எதுக்கு?" ஒவ்வொரு நாளும் அவள் குழந்தையைக் காட்டுவாள். ஒவ்வொரு நாளும் அவன் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்ப்பான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

குளிர்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவது எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் திருப்ப மாட்டார்கள். அந்த இடைவெளியில் எங்கள் ஊரில் யாரிடம் நேரம் கேட்டாலும், "நம்ம நேரமா, அவங்க நேரமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், பல் டாக்டரிடமும் கேட்பார்கள். ஒரே சூரியன்தான், அதற்குக் கீழே இரண்டு நேரம். வேலி ஓரம் போனால் ஃபோன்கூட அவர்கள் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக ஒரு மணி நேரம் தாவும். அந்தத் தொல்லைக்காகவே கிதாம் தன் ஃபோனில் நேரத்தைக் கையால் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு நாள் முந்திக்கொண்டது. முஹன்னத் இரவே சுவர்க் கடிகாரத்தையும் கிதாமின் ஃபோனையும் திருப்பி வைத்துவிட்டான். அவர்களும் அதே இரவில் திருப்பிவிட்டார்கள் என்று யாரோ கடையில் சொன்னதை நம்பிவிட்டான். காலைக் கதவுக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. விடியலின் ஃபஜ்ர் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் இருட்டிலேயே போய் வரிசையில் நிற்பதுதான் வழக்கம். அதனால் காலையில் தவறு தெரியவில்லை. கிதாமும் ஸப்ஹாவும் கழுதையும் உள்ளே போய்விட்டார்கள்.

நடுப்பகலுக்கு நான் லமாரைத் தூக்கிக்கொண்டு போனேன். மஞ்சள் கதவு பூட்டியிருந்தது. ஒருவரும் இல்லை. சிப்பாய்கள் தாமதமாக வருவது புதிதல்ல, நின்றேன். அந்தப் பக்கம் கிதாம் வேகமாக வந்தாள். அவளும் நின்றாள். எங்களுக்கு நடுவில் என் பக்கத்துக் கதவு, சுருள் முள்கம்பி, ஜீப் ஓடும் தார்ச்சாலை, பிறகு அவள் பக்கத்து உயரமான கம்பி வேலி. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கை நீட்டினால் எட்டாது.

"இன்னும் வரலையா, மாமி?" என்று கத்தினாள்.

"காணோம்மா!"

சாலையோரப் புழுதியில் புதிய டயர்த் தடம் இருந்தது. அதை ஸப்ஹாதான் முதலில் பார்த்தாள். கழுதையை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தவள், தடத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், கிதாமின் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு முஹன்னத்தின் பெயரைச் சொல்லி, இங்கே சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டுப் போயிட்டானுங்கடி! அவனுங்க நேரம் இன்னும் திரும்பல!"

இவ்வளவுதான் தவறு. வேறு ஊரில் இந்தத் தவறு செய்தவனுக்கு ஒரு பேருந்து தவறிப்போகும். எங்களுக்கு, விடியற்காலை பால் குடித்த குழந்தைக்கு மாலைவரை பால் இல்லை.

நான் முஹன்னத்துக்கு ஃபோன் போட்டேன். அவன் துல்கரத்தில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறான். "நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லி, அனுமதி விஷயம் பார்க்கும் எங்கள் பக்கத்து அலுவலகத்துக்குப் பேசினான். அவர்கள் அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் பேசினார்கள். தகவல் சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்தது. மறுபடி பேசினான். தகவல் சொல்லியாகிவிட்டது. பட்டறையை விட்டுக் கிளம்பினான். ஊருக்கு வரும் வழியில் திடீரென்று ஒரு சோதனைச் சாவடி முளைத்திருந்தது. வண்டிகளின் வரிசை நகரவில்லை. ஒவ்வொரு ஃபோனிலும் அவன் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது.

லமார் கத்தினாள். நான் கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன், துப்பினாள். தோளில் போட்டு நடந்தேன். என் விரலைச் சப்பினாள், ஏமாந்துபோய் இன்னும் பெரிதாகக் கத்தினாள். அந்தச் சத்தம் சாலையைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் கிதாமின் அங்கி முன்புறம் நனைந்துபோயிருந்தது. குழந்தை அழுதால் தாய்க்குச் சுரக்கும். கம்பிக்கு அது தெரியாது.

வேலியைத் தொட்டால் ஜீப் வரும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். கம்பியில் ஏதோ வைத்திருக்கிறார்கள். அசைந்தால் எங்கோ மணி அடிக்கும். ஆனால் தொட்டவர் யாராக இருந்தாலும் சீட்டு போய்விடும். சீட்டு போனால் நிலத்துக்குப் போக எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை. கிதாமுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். நான் ஆட்டு என்றும் சொல்லவில்லை, ஆட்டாதே என்றும் சொல்லவில்லை.

ஸப்ஹா கைகளைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நகரு. நான் ஆட்டறேன். எனக்கென்ன, சீட்டுப் போனா வீட்ல காலை நீட்டிட்டு உக்காருவேன்."

"உங்க மகன் குடும்பம் அந்த எண்ணெயிலதான சாப்பிடுது?" என்றாள் கிதாம்.

"அவன் பெண்டாட்டி சமைக்கிற லட்சணத்துக்கு எண்ணெய் இல்லாமப் போனாலும் நல்லதுதான்."

"தொடாதீங்கக்கா. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தாள். சூரியன் நகர்ந்தது. என் தோளில் லமார் அமைதியானாள். தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது, உதடு ஒட்டிப்போயிருந்தது. தலையைத் தூக்கிவிட்டால் அப்படியே சாய்ந்தது.

"மாமி, அழுகைய நிறுத்திட்டாளே. தூங்கிட்டாளா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்லம்மா. அழறதுக்குத் தெம்பு இல்ல."

கிதாம் தலைத்துணியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். மரத்தில் காய் உலுக்குவாளே, அப்படி உலுக்கினாள். உடம்பு முழுவதும் போட்டு உலுக்கினாள். வேலி நீளத்துக்கும் சலசலவென்று சத்தம் ஓடியது.

நாங்கள் ஃபோன் செய்தபோது வழி தெரியாத ஜீப்புக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. துப்பாக்கியோடு குதித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு அரபி தெரியும். மீசை சரியாக முளைக்காத முகம்.

"யாரு தொட்டது?"

"கழுதை" என்றாள் ஸப்ஹா.

"என்னது?"

"என் கழுதை. முதுகு அரிச்சுது, உரசிக்கிச்சு."

அவன் கழுதையைப் பார்த்தான். "கழுதைக்கு அனுமதி இருக்கா?"

"இருக்குப்பா. எங்க வீட்ல முதல்ல அதுக்குத்தான் கெடச்சுது."

கிதாம் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். சீட்டை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். "நான்தான் ஆட்டினேன். என் குழந்தை அந்தப் பக்கம் இருக்கு. பால் கொடுக்கணும்."

"சாயங்காலம் கதவு திறக்கும்."

"அவளுக்கு இப்பப் பசிக்குது."

"மத்தியானம் திறந்தோமே. எங்க போனே?"

"உங்க மத்தியானம் எங்களுக்கு மத்தியானம் இல்ல."

அவன் மற்றவர்களிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். ஒருவன் சிரித்தான். நான் என் பக்கத்திலிருந்து குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி உயரத் தூக்கினேன். "டேய், இங்க பாரு! இங்க பாத்துட்டுச் சிரி!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. சிரித்தவன் பார்த்தான். சிரிப்பை நிறுத்தினான்.

அரபி தெரிந்தவன் வானொலியில் பேசினான். காத்திருந்தான். திரும்பி வந்தான். "திறக்கறேன். நீ வெளிய போகலாம். இந்தச் சீட்டு இனிமே எங்ககிட்ட. மூட்டையெல்லாம் அங்கயே கிடக்கட்டும், ஆள் மட்டும்."

"திற" என்றாள் கிதாம்.

அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான், பிறகு சாலையைத் தாண்டி வந்து என் பக்கத்து மஞ்சள் கதவைத் திறந்தான். அவள் ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். என் கையிலிருந்து லமாரை வாங்கினாள். பாறைப் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கதவு உருளும் இரும்புத் தண்டவாளத்தின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்து குழந்தையை அங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க உக்காராத. எழுந்திரு. கதவ மூடணும்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் என் பெரிய சால்வையை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நின்றேன்.

"பாட்டி, நீயாவது சொல்லு. எழுந்திருக்கச் சொல்லு."

"நான் உன் பாட்டி இல்ல. உன் பாட்டி இதப் பாத்தா உன் காதைத் திருகுவா. அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

"சுட வேண்டியிருக்கும்."

"சுடு. முதல்ல திரும்பி நில்லு, அப்புறம் சுடு."

அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். குழந்தைக்கு முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. கிதாம் கையால் பிழிந்து உதட்டில் விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு அசைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சால்வையை நான் இறக்கவில்லை.

கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன. ஸப்ஹா அங்கே கிடந்த கிதாமின் காய் மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். ஒருவன் தடுத்தான். "ஆள் மட்டும்னு சொன்னீங்க. ஆளு வந்தாச்சு. கழுதைக்கு அனுமதி இருக்குன்னு அப்பவே சொன்னேனே" என்று சொல்லிக்கொண்டே கிதாமைச் சுற்றிக் கழுதையைத் திருப்பி வெளியே கொண்டுவந்தாள். மூட்டையை வைத்துவிட்டு மிச்சத்துக்குத் திரும்பப் போனாள். போகவிட்டார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. குழந்தை ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாறியது. முடித்து, ஏப்பம் விட்டபிறகுதான் கிதாம் எழுந்தாள். கதவு அதற்குப் பிறகுதான் உருண்டது.

முஹன்னத் பொழுது சாய்ந்து வந்து சேர்ந்தான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டான். இன்னும் கண்ணில் படவில்லை. கிதாம் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸப்ஹாதான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் நானும் கிதாமும் எங்கள் பக்கத்து அனுமதி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்தார். "அந்தப் பக்கம் பேசிட்டேம்மா. ஒரு கடிதம் கொடுத்தா சீட்டைத் திருப்பித் தர யோசிப்பாங்களாம். நானே எழுதி வெச்சுட்டேன். கையெழுத்து மட்டும் போடு."

கிதாம் வாங்கி எனக்காக வாய்விட்டுப் படித்தாள். ஒலிவக்காய் சுமந்து வரும்போது கால் தடுக்கி விழுந்ததால் தவறுதலாகக் கை வேலியில் பட்டுவிட்டது, அதற்காக வருந்துகிறேன் என்று இருந்தது.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "நான் தடுக்கி விழல சார்."

"தெரியும்மா. ஒரு வரிதான. மரத்துக்காக ஒரு வரி."

"வருந்தலையே நான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஹஜ்ஜா, பெரியவங்க நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க வீட்டு நிலம்."

என் வீட்டு நிலம்தான். என் மாமனார் தண்ணீர் சுமந்து ஊற்றிய மரங்கள். இரவெல்லாம் அதை நினைத்துத்தான் படுத்திருந்தேன். அந்த மரங்களை நினைத்துப் பார்த்தேன். இந்தப் பெண்ணின் கையையும் பார்த்தேன்.

"நான் எதிரே நின்னு பாத்துட்டு இருந்தேன் தம்பி" என்றேன். "அவ விழல."

கிதாம் அவரிடம் வேறு தாள் கேட்டாள். பேனாவை எடுத்துத் தானே எழுதினாள். எழுதிவிட்டு அதையும் எனக்குப் படித்துக் காட்டினாள்: என் மகளுக்குப் பால் கொடுக்க வழி இல்லாததால் வேலியை நானே ஆட்டினேன். கதவு மறுபடி பூட்டியிருந்து, மகள் மறுபடி பசித்திருந்தால் மறுபடி ஆட்டுவேன்.

"இத அனுப்பினா கிடைக்காதும்மா" என்றார் எழுத்தர்.

"அனுப்புங்க."

அனுப்பினார். பதில் இதுவரை இல்லை. ஸப்ஹாவும் அவள் தங்கையும் எங்கள் மரங்களில் முடிந்த அளவு உலுக்கிக் கொடுத்தார்கள். பிறகு மழை வந்துவிட்டது. மேட்டுப்பக்கத்து மரங்களில் காய் உதிர்ந்து, மண்ணில் கறுத்துக் கிடப்பதாக ஸப்ஹா வந்து சொன்னாள்.